எந்த ரூம்ல இருட்டு?

நான் எலக்ட்ரீஷியன். இருட்டாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் என் கை முதலில் டெஸ்டரைத்தான் தேடும். அதனால் என் மகள் அதைச் சொன்ன அன்று வேறெதுவும் யோசிக்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஹால் பல்பைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதை மாட்டினேன். அன்று விடுமுறை. வெளியே சுள்ளென்று வெயில். அவளைப் பாயிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்த கையோடுதான் அதைச் சொல்லியிருந்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் அவள் மடியில் கிடந்தது. அந்த வெளிச்சத்தில் இருந்துகொண்டே மறுபடியும் தன் டேப்பை அழுத்தினாள்.

"அம்மா, இருட்டா இருக்கு. லைட் போடு. போகாத."

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். பல்பு விஷயம் இருக்கட்டும். அவளுக்கு அம்மா கிடையாது. அவளைப் பெற்ற கையோடு என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மகளைப் பள்ளியில் வாலு என்று கூப்பிடுவார்கள். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. நடக்க முடியாது, பேச்சு வராது, ஆனாலும் வால்தனத்துக்கு ஒரு குறையும் இல்லை. பிறந்தபோதே தலைக்குள் நீர் கட்டியதால், மெல்லிய குழாய் ஒன்றைத் தலையிலிருந்து வயிற்றுக்கு உள்ளாகவே இறக்கி வைத்திருக்கிறார்கள். கழுத்தோரம் தடவினால் தோலுக்கடியில் தட்டுப்படும். அப்பன் பார்ப்பது கரண்ட் வேலை, மகளுக்குள்ளே நடப்பது குழாய் வேலை என்று நானே சொல்லிச் சிரிப்பேன். அது பல வருஷமாகத் தொந்தரவு செய்ததில்லை. தொந்தரவு செய்யாத ஒயரிங்கை யார் திறந்து பார்க்கிறார்கள்?

அவள் பேசுவது டேப்பில், அதாவது டேப்லெட் என்கிற தொடுதிரைப் பலகையில். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும். ஒரு படத்தைத் தொட்டால் டேப் அதற்குரிய வார்த்தையைச் சொல்லும். தண்ணி, வேண்டாம், இன்னும், போ. சில கட்டங்களைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கும், அதற்குள் வேறொன்று. அந்த டேப்பில் நம் மொழிக்குக் குழந்தைக் குரல் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வகுப்பில் டேப்பில் பேசும் பிள்ளைகள் எல்லாருக்கும் அதே குரல். கண்ணை மூடிக்கொண்டு வாசலில் நின்றால், ஒரே பிள்ளை தனக்குத்தானே சண்டை போட்டுக்கொண்டிருப்பது மாதிரி கேட்கும். ஏற்ற இறக்கமும் கிடையாது. பசித்தாலும் அதே குரல், பயந்தாலும் அதே குரல்.

வாலுவுக்கு முன்னால் அந்த டேப் கேப்டனுடையது. ஜன்னலோரமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வகுப்பையே அதட்டிக்கொண்டிருந்த பையன். அவனுக்கு மிகவும் பிடித்த கட்டம் 'சொல்ல மாட்டேன், போ'. சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட அதைத்தான் அழுத்துவான். வாலு அப்போது லாமினேட் செய்த அட்டையில் படங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில்தான் அவளை உட்கார வைப்பார்கள். அவன் டேப்பையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு காய்ச்சலில் கேப்டனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன் திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்து அவனுடைய அம்மா டேப்பைத் துடைத்து எடுத்துவந்து பள்ளியில் கொடுத்தாள்.

"வேற பிள்ளைக்குக் குடுங்க. ஆனா உள்ள இருக்கறத மட்டும் அழிச்சிடாதீங்க" என்று சொன்னாளாம்.

பள்ளியில் பேச்சுப் பயிற்சி தருகிறவரை எல்லாரும் ஸ்பீச் மேடம் என்போம். அவருக்கு மூக்கு மேல் கோபம். ஆனால் இதற்கு உடனே ஒப்புக்கொண்டார். கட்டங்கள் இடம் மாறக் கூடாது, பிள்ளைகள் படத்தைப் பார்ப்பதைவிட விரலால்தான் இடத்தைத் தெரிந்துகொள்கிறார்கள் என்றார். எனக்கு அது சட்டென்று விளங்கியது. என் வீட்டு ஸ்விட்சை நான் பார்த்தா போடுகிறேன்? கை தானாகப் போகிறது.

விடுமுறை முடிந்து வாலுவைப் பள்ளியில் விடும்போது, வீட்டில் நடந்ததை வகுப்பு டீச்சரிடம் வேடிக்கையாகத்தான் சொன்னேன். டீச்சர் சிரிக்கவில்லை. என்னைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"வீட்லயும் சொல்றாளா?"

"ஏன், இங்கயும் சொல்றாளா?"

"தினமும் சொல்றா, வாலு அப்பா. எங்க வெச்சு சொல்றா தெரியுமா? அந்த ஜன்னல்கிட்ட."

உள்ளே கையைக் காட்டினார். பிள்ளைகளை நிற்க வைக்கும் மரச் சட்டம் ஒன்று ஜன்னலோரமாக இருந்தது. கேப்டனின் நாற்காலி இருந்த இடம். பாயில் உடற்பயிற்சி முடிந்ததும் வாலுவைத் தூக்கிப்போய் அதில் நிறுத்திப் பட்டை போடுவார்கள். நிறுத்தின உடனே அவள் டேப்புக்குக் கையை நீட்டி அதைச் சொல்லிவிடுகிறாளாம். வகுப்பிலேயே வெளிச்சமான இடம் அதுதான்.

"அதோட போச்சுன்னா பரவால்ல. கொஞ்ச நேரம் கழிச்சு ஜன்னலப் பாத்து சிரிக்கறா. அங்க ஒண்ணுமே இல்ல. யாரப் பாத்து சிரிக்கறன்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா?"

"என்ன?"

"சொல்ல மாட்டேன், போ."

எனக்கு முதுகில் சில்லென்றது. இருந்தாலும் ஆம்பிளை இல்லையா, வெளியே காட்டிக்கொள்ளாமல், பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்று ஏதோ உளறினேன்.

"அந்த இருட்டு வாக்கியம் மேல இருக்கற பக்கத்துல இல்ல, வாலு அப்பா. 'வீடு'ன்னு ஒண்ணத் திறக்கணும். அதுக்குள்ள 'ராத்திரி'. அதுக்குள்ளதான் இருக்கு. கேப்டன் அம்மா அவனுக்காக வீட்ல செஞ்சு வெச்சது. நான் அவளுக்கு அதக் காட்டினதே இல்ல. நீங்க காட்டினீங்களா?"

"எனக்கு அப்படி ஒரு பக்கம் இருக்கறதே தெரியாது டீச்சர்."

"அப்ப யாரு காட்டினது?"

ஜன்னலோரத்தில் வாலு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பீச் மேடம் வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்தார். "பேயா? நல்லா இருக்கே! பழைய பிள்ளையோட வார்த்தை மிச்சம் கிடக்கு, இவ தட்டித் தடவிப் போய் அத அழுத்தறா. அழுத்தினா பெரியவங்க எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி முழிக்கறீங்க. எந்தப் பிள்ளை விடும்? கண்டுக்காதீங்க. தானா நின்னுடும்."

சொன்னபடி செய்தேன். கண்டுகொள்ளாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் அவளைப் பாயிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பேன். அது வந்துவிடும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குவேன். முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் அழவும் செய்யாது, கெஞ்சவும் செய்யாது. அறிவிப்பு மாதிரி சொல்லிக்கொண்டே இருக்கும். அம்மா, இருட்டா இருக்கு. லைட் போடு. போகாத. சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். ஓய்ந்த பிறகு ஏன் ஓய்ந்தது என்று வேறு பயமாக இருக்கும்.

ஒருநாள் ஓய்ந்த பிறகு புதிதாக ஒரு வார்த்தை வந்தது. "கண்."

எனக்கு உயிர் வந்தது. உடம்பின் பாகங்கள் அந்த மாதத்துப் பாடம். கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். "சபாஷ்! கண்ணு! இது கண்ணு. மூக்கு எங்க, மூக்கு?"

அவள் மூக்கைத் தொடவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு டேப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

இதற்குள் வீட்டில் நான் செய்துவைத்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஹாலில் டியூப் லைட் பக்கத்திலேயே இன்னொரு டியூப் லைட். சமையலறையில் கடைகளுக்கு மாட்டுகிற பெரிய விளக்கு. அவள் படுக்கைக்கு மேலே ஒன்று, காலடியில் ஒன்று. தெருவிலிருந்து பார்த்தால் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். கடைசியில் என் மனைவியின் படத்துக்கு மேலேயும் ஒரு சின்ன விளக்கை மாட்டினேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் 'அம்மா, போகாத' என்று மகள் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, இவள் யாரைப் பார்த்து அதைச் சொல்கிறாள் என்று ஒரு மனிதனுக்குத் தோன்றாதா? எனக்குத் தோன்றியது. வாலு சின்ன விளக்கை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் அவள் முகம் சுண்டிப்போயிருக்கும். இரண்டொரு தடவை குடித்த பாலைக் கக்கினாள். இந்த விளக்குகளில் தூக்கம் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கேப்டன் அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. நான் வாலுவை அழைத்துப்போக வந்த ஒரு மதியம், அந்தப் பெண் மரச் சட்டத்துக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போட்டிருந்த தையல் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கிறாள். நிறுத்திப் பட்டை போட்டதும் வாலுவின் கை போனது. வீடு. ராத்திரி.

"அம்மா, இருட்டா இருக்கு. லைட் போடு. போகாத."

"கேப்டன்? நீயாடா?" என்றாள் கேப்டன் அம்மா. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அம்மா போக மாட்டேன்டா. இங்கயே இருக்கேன். லைட் போட்டாச்சு, பாரு, எவ்ளோ வெளிச்சமா இருக்கு பாரு."

வாலு அதையே திரும்ப அழுத்தினாள். அவளும் அதே பதிலைச் சொன்னாள். எவ்வளவு நேரம் அது நடந்தது என்று தெரியவில்லை. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள். "வீட்ல லைட்ட அணைச்சா போதும், உடனே இத அழுத்துவான்ணா. தூங்குடான்னு அதட்டுவேன். ஆஸ்பத்திரில ஐ.சி.யூ.ன்னு அந்தப் பெரிய வார்டுக்குள்ள பொருள் எதுவும் கொண்டு போகக் கூடாதுன்னுட்டாங்க. டேப்ப வாங்கிப் பையில வெச்சுட்டாங்க. கடைசி வரைக்கும் அது பையிலயே இருந்துச்சு. உள்ள அவன் என்ன சொல்ல நினைச்சானோ. இப்பதான் சொல்றான்."

நான் தலையை ஆட்டினேன்.

அன்று முதல் தினமும் வந்தாள். மதிய இடைவேளையில் ஓடி வந்து, தரையில் உட்கார்ந்து, வாலுவைக் கேப்டன் என்று கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போவாள். அவனுக்குப் பிடித்த கார் பொம்மையை எடுத்துவந்து வாலுவின் கையில் திணிப்பாள். வாலு அதைக் கீழே போடுவாள். அவனும் இப்படித்தான் போடுவான் என்று அதற்கும் கண்கலங்குவாள். டீச்சரும் பிள்ளைகளும் சத்தம் போடாமல் சுற்றி வருவார்கள். வகுப்பு முழுக்க ஒரு சாவு வீட்டு அமைதி. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, என் பொண்ணு என்ன டெலிபோனா?" என்று கத்திவிட்டேன். "உன் பையன்கூட பேசறதுக்கு என் பிள்ளைய ஏன் நிக்க வெக்கற?"

"ஒரே ஒரு வார்த்தைதாண்ணா. வேற எதுவும் கேக்கலையே" என்றாள்.

என் வீட்டில் ஒரு படத்துக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்ததே, அது எதற்காம்?

தலைமை ஆசிரியை கூட்டம் போட்டார். அவர் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. "அந்தப் பக்கத்தை அழிச்சிடுங்க, இன்னிக்கே" என்றார்.

"அழிச்சா அவன் ரெண்டாவது தடவை போயிடுவான் மேடம்" என்று கேப்டன் அம்மா அழுதாள். டீச்சரும் கூடவே அழுதார். நான் அழிக்கிற பக்கம்தான் இருந்தேன். என் மகள் எனக்குத் திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஸ்பீச் மேடம் மட்டும் மேஜையைத் தட்டினார்.

"அழிக்கலாம். ஆனா அவளக் கேக்காம அவ டேப்புல யாரும் கை வெக்கக் கூடாது. இது இங்க விதி. அது அவளோட வாய். உங்க வாய்ல ஒரு பல்லப் புடுங்கறதா இருந்தா உங்களக் கேப்பாங்களா, பக்கத்துல நிக்கறவரக் கேப்பாங்களா?"

எல்லாருமாக வகுப்புக்குப் போனோம். மற்ற பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். வாலுவை அப்போதுதான் தூக்கி நாற்காலியில் வைத்திருந்தார்கள். அவள் முகம் வெளிறியிருந்தது. ஸ்பீச் மேடம் குனிந்து அவள் கண் உயரத்துக்கு வந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து கட்டத்தைக் காட்டினார்.

"வாலு, இந்த வாக்கியத்த எடுத்துடட்டுமா?"

அவளுடைய கை நேராகப் போகாது. ஆடி, சுற்றி, திரும்பி வந்து, கட்டை விரல் ஓரத்தால்தான் தொடுவாள். பார்க்கிறவர்களுக்கு நாமே அழுத்திவிடலாமே என்று கை துறுதுறுக்கும். டீச்சரின் கை முன்னால் போனது. ஸ்பீச் மேடம் அதைப் பிடித்துக்கொண்டார். "காத்திருங்க" என்றார். காத்திருந்தோம்.

"வேண்டாம்."

"இது கேப்டனோடதுடா. அவங்க அம்மாகிட்டக் குடுத்துடலாமா?"

நீண்ட நேரம் கை ஆடியது. "இல்ல." மறுபடியும் ஆடியது. "என்னோடது."

கேப்டன் அம்மா சட்டென்று அழுகையை நிறுத்தினாள். வாலு எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வீடு, ராத்திரி என்று மெதுவாகப் போய் அந்தக் கட்டத்தை அழுத்தினாள். "அம்மா, இருட்டா இருக்கு. லைட் போடு. போகாத."

அந்த நிமிஷம் நான் யோசித்து எதுவும் கேட்கவில்லை. பழக்க தோஷம். வீட்டில் கரண்ட் இல்லை என்று யார் போன் செய்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். மொத்த வீட்டிலா, ஒரு ரூமிலா என்று தெரியாமல் நான் பையைத் தூக்குவதே இல்லை. ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் கேட்டிருக்கிறேன். பெற்ற மகளைக் கேட்டதில்லை.

"எந்த ரூம்லடா இருட்டு?" என்றேன்.

அவள் கை அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

"கண்."

"சபா..." என்று டீச்சர் ஆரம்பித்துவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

வாலு திரும்பவும் அழுத்தினாள். "கண்." பிறகு, "நிக்க." பிறகு மறுபடியும் பக்கம் பக்கமாகத் திறந்துகொண்டு போய், "அம்மா, இருட்டா இருக்கு." மீதி வாக்கியத்தை டேப் தானாகச் சொல்லி முடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கட்டத்தில் 'அம்மா'வும் 'போகாத'வும் சேர்ந்தே ஒட்டிக்கிடந்தன. பிரித்து அழுத்த வழியில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது நடுவில் இருந்த இருட்டு மட்டும்தான்.

"தூக்கி நிக்க வெச்சா கண்ணு இருட்டாகுதா?" என்று ஸ்பீச் மேடம் கேட்டார்.

"ஆமா."

"தூக்கி உக்கார வெச்சாலும்?"

"ஆமா." பிறகு, கேட்காமலே, "தலை. வலி."

பாயிலிருந்து தூக்கின உடனே. ஒவ்வொரு தடவையும் தூக்கின உடனே. ஜன்னலோரத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று நாங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளைத் தூக்கின கைகளை யாரும் பார்க்கவில்லை. என் கை அவள் கழுத்தோரத்துக்குப் போனது. குழாய் தட்டுப்பட்டது. அவளை அப்படியே வாரிக்கொண்டு ஓடினேன்.

வண்டியில் கேப்டன் அம்மாவும் ஏறிக்கொண்டாள். அவளைக் கூப்பிட்டது யார் என்று எனக்கு நினைவில்லை. ஸ்பீச் மேடம் வண்டியின் கதவைச் சாத்தும்போது அவளிடம் சொன்னார். "வாலுவுக்கு அந்தப் பக்கத்த நாங்க யாரும் கத்துக் குடுக்கலைங்க. பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டே இருந்திருக்கா. உங்க பையன்தான் கத்துக் குடுத்திருக்கான்." கேப்டன் அம்மா டேப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் சின்ன விளக்கை வாலுவின் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். குழாய் அடைத்திருக்கிறது, தலைக்குள் அழுத்தம் ஏறி ஏறிக் கண் நரம்பு வீங்கிக்கிடக்கிறது, தூக்கினால் நிமிர்த்தினால் பார்வை சற்று நேரம் அணைந்து திரும்பும் என்றார். "எப்பலேருந்து சொல்றா?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அணைஞ்சது அணைஞ்சதுதான்" என்றார். உடனே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார்கள். எனக்கு அத்தனை பல்பு மாட்டினேனே என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரிய வார்டின் கதவருகே நர்ஸ் டேப்பைத் தடுத்தார்.

"பொருள் எதுவும் உள்ள கொண்டு போகக் கூடாதும்மா. பையில வெச்சுடுங்க."

கேப்டன் அம்மா கதவை ஒட்டிப் போய் நின்றாள். அதுவரை அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "இது பொருள் இல்ல. அவ வாய். கண்ணு முழிச்சா அவ என்ன சொல்லுவான்னு உங்களுக்குத் தெரியுமா? வலிக்குதுன்னு எதால சொல்லுவா? ஒரு தடவை பையில வெச்சேன். இன்னொரு தடவை வெக்க மாட்டேன். உங்க பெரிய டாக்டரக் கூப்பிடுங்க."

பெரிய டாக்டர் வந்தார். பேச்சு நீண்டது. அவள் கதவை விட்டு நகரவில்லை. கடைசியில் டேப்பை மருந்து போட்டுத் துடைத்து, தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு உள்ளே அனுப்பினார்கள். துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். மருந்துக் கடை, ரத்தச் சீட்டு, கையெழுத்து என்று எனக்கு வெளியே ஆயிரம் வேலை இருந்தது. நீ போம்மா என்றேன்.

எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. வாலு கண் விழித்திருந்தாள். தலையில் கட்டு. கேப்டன் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தூங்கட்டும் என்று நர்ஸ் படுக்கைக்கு மேலிருந்த விளக்கை அணைத்துவிட்டுக் கதவை லேசாகத் திறந்துகொண்டு வெளியே வந்தார். திறந்த கதவு வழியாக அந்தக் குரல் வந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"அம்மா, இருட்டா இருக்கு. லைட் போடு. போகாத."

கேப்டன் அம்மா அசையவில்லை. மறுபடியும் அவனைத்தான் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தது. அவள் முன்னால் குனிந்து வாலுவின் முகத்துக்கு நேராக வந்தாள்.

"எங்க இருட்டு, வாலு? கண்ணுலயா, ரூம்லயா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். வாலுவின் கை பிளாஸ்டிக் உறையின் மேல் ஆடியது, சுற்றியது, வழுக்கியது. அவள் உதவவில்லை. தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ரூம்."

எழுந்துபோய் விளக்கைப் போட்டாள். வாலு கண்ணைச் சுருக்கினாள். பிறகு அறையின் மூலையில், ஜன்னல் பக்கமாகப் பார்த்துச் சிரித்தாள். அங்கே காலி நாற்காலி ஒன்று கிடந்தது. கேப்டன் அம்மாவும் திரும்பி அந்த மூலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"யாருடா அங்க?" என்றாள் மெதுவாக.

இந்த முறையும் அவள் காத்திருந்தாள்.

"சொல்ல மாட்டேன், போ."

கேப்டன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். "சரி, சொல்லாத போ" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைப் படுக்கையோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் உள்ளே போகவில்லை. அங்கே ஒருவர்தான் இருக்கலாம்.